இரைச்சலை நிறுத்துங்கள், ஏர்த்தை வெட்டாதீர்கள்

வெல்லாவெளியிலும் சுற்றுவட்டத்திலும் வீட்டு மேசையில் வால்வு ஹெட்போன் அம்ப் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,



"அம்ப் நல்லாப் பாடுது அண்ணன், ஆனா அடியில ஒரு இரைச்சல் கிடக்கு. ஏர்த்தக் கழட்டி உட்டா நிண்டிருது. அப்படியே உடட்டா?"

இந்தக் கேள்வியைப் பல வாய்களிலிருந்து கேட்டாயிற்று. ஆளுக்கு ஆள் பதில் சொல்வதை விட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். விடாதீர்கள் என்பதுதான் பதில். ஏன் விடக் கூடாது, ஏர்த்தைத் தொடாமல் அந்த இரைச்சலை எங்கே போய்ப் பிடிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வித்தை எங்கிருந்து உங்களுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்களிடமிருந்து. வைகாசிச் சடங்கு நேரம் ஜெனரேட்டர் ஒரு பக்கம் ஓடும், மிக்சர் இன்னொரு பக்கம் கிடக்கும், மைக் பிடிக்க ஆள் காத்துக்கொண்டு நிற்கும். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட அங்கே யாருக்கும் நேரமில்லை. ஏர்த்தை விலக்கினால் உடனே அமைதி. அங்கேயும் அது பிழைதான். ஆனால் அவர்களுடைய ஸ்பீக்கர் மரத்தில் தொங்குகிறது, உங்களுடையது தலையில் இருக்கிறது. ட்ரான்ஸ்போமரின் முதற்சுற்று என்றைக்காவது கசிந்து 230 வோல்ட் பெட்டியின் தகரத்துக்கு வந்துவிட்டால், ஏர்த் இல்லாத பெட்டியிலிருந்து அது போகக்கூடிய வழிகளில் ஒன்று உங்கள் ஹெட்போன் வயர்.

எங்கள் வீடுகளின் வயரிங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரப் போஸ்டிலிருந்து வீட்டுக்கு வருவது இரண்டு கம்பி, லைவும் நியூட்றலும். ஏர்த்தை நாங்களே முற்றத்தில் கோல் அடித்து எடுக்கிறோம். அந்தக் கோல் துருப்பிடித்தோ, கிளிப் கழன்றோ, மாட்டைக் கட்டி இழுத்து வளைந்தோ கிடந்தாலும் லைட் எரியும், ஃபேன் சுற்றும், ஒருவருக்கும் தெரியாது. மாரியில் மண் ஊறிக் கிடக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும் கோல், ஆடி ஆவணியில் வயல் வெடித்துக் கிடக்கும்போது அவ்வளவாக வேலை செய்யாது. காய்ந்த மண்ணின் தடை அப்படி ஏறும். கோல் முழுதாக அறுந்துவிட்டால் இன்னொரு கூத்து நடக்கும். வீட்டிலுள்ள எல்லா மூன்று முனைப் பிளக்குகளின் ஏர்த்தும் தங்களுக்குள் தொடுத்தபடி அந்தரத்தில் நிற்கும். பிரிட்ஜ், கம்ப்யூட்டர், பம்ப் எல்லாவற்றின் சிறு கசிவும் உங்கள் அம்பின் சேஸிக்கு வந்து சேரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டெஸ்டரால் பார்த்து, சேஸியில் ஆபத்தான கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகு, புறங்கையால் சேஸியைத் தொடுங்கள். கை பட்டவுடன் இரைச்சல் குறைந்தால் உங்கள் பெட்டிக்கு ஏர்த் இல்லை, அந்த நேரத்தில் ஏர்த்தாக நிற்பது நீங்கள். அம்பைத் திருத்துவதை நிறுத்திவிட்டு வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். டிஜிற்றல் மீற்றரை லைவுக்கும் ஏர்த்துக்கும் வைத்து 230 காட்டுகிறது, ஆகவே ஏர்த் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மீற்றர் இழுக்கும் கரண்ட் மிகமிகச் சொற்பம். உருப்படாத கோலிலும் அது 230 காட்டும். ஏர்த் தடையை அளக்கத் தனி மீற்றர் இருக்கிறது.

இன்னொன்று. 13 அம்பியர் பிளக்பொயின்ற்றின் மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்தி, கீழே இரண்டு முனைப் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. போன் சார்ஜருக்கு அப்படிச் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். அம்புக்குச் செய்தால் பேசுவேன்.

சரி, ஏர்த் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இரைகிறது. இனித்தான் எங்கள் வேலை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் என்றால் சின்னச் சங்கதி என்று நினைப்பீர்கள். 88 டெசிபல் உணர்திறன் உள்ள 8 ஓம் ஸ்பீக்கரில் அந்த ஒரு மில்லிவோல்ட் ஒரு மீற்றர் தள்ளி வெறும் 19 டெசிபல். ஒருவருக்கும் கேட்காது. அதே ஒரு மில்லிவோல்ட்டை ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் 32 ஓம் ஹெட்போனுக்குக் கொடுத்தால் 55 டெசிபல், கிட்டத்தட்ட ஒருவர் பக்கத்தில் இருந்து பேசும் சத்தம். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குக் காது மந்தம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இரைச்சலின் மேல்சுரங்கள் நன்றாகவே கேட்கும். ஸ்பீக்கர் அம்ப் கட்டிப் பழகியவர்கள் ஹெட்போன் அம்பில் தடுமாறுவது இதனால்தான். அங்கே மன்னிக்கப்பட்ட பிழைகள் இங்கே மன்னிக்கப்படுவதில்லை.

அடுத்தது, இரைச்சலைக் காதால் தரம் பிரியுங்கள். எங்கள் கரண்ட் 50 ஹேட்ஸ். கனத்த, வழவழப்பான முனகலாக இருந்தால் அது 50. ஹீற்றர் வயரிலிருந்தோ, ட்ரான்ஸ்போமரின் காந்தப் புலத்திலிருந்தோ, ஏர்த் வளையத்திலிருந்தோ வருகிறது. சொரசொரப்பாக, ஓரங்கள் கூராக "ர்ர்ர்" என்று வந்தால் பெரும்பாலும் 100. முழு அலை சீராக்கியில் ஒவ்வோர் அரைச் சுற்றும் ஒரு துடிப்பாவதால் 50 இரட்டித்து 100 ஆகிறது. அது ஹைவோல்ட்டேஜ் சப்ளையிலிருந்தோ, சுற்றின் பொதுத் தரைக் கம்பி போன வழியிலிருந்தோ வருகிறது. சந்தேகம் இருந்தால் போனில் சுரம் எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, முதலில் 50, பிறகு 100, அதே ஹெட்போனில் கேட்டு ஒப்பிடுங்கள். சிலவேளை சத்தம் ஹெட்போனிலேயே இருக்காது, ட்ரான்ஸ்போமரின் தகடு அதிர்வதுதான் காதில் விழும். கல்லடி வாவியில் துடுப்பை நீரில் இறக்கி மறுநுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, அதே மாதிரி ஒரு காய்ந்த மரக்கோலின் ஒரு நுனியை ட்ரான்ஸ்போமரின் இரும்பில் ஊன்றி மறுநுனியைக் காதருகே வையுங்கள். தகட்டின் அதிர்வு என்றால் போல்ட்டை இறுக்கி அடியில் ரப்பர் வைத்தால் போதும். சுற்றில் கை வைக்கவே தேவையில்லை.

பிறகு வொலியூமை முழுதாகக் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது வொலியூமுக்குப் பிந்திய இடத்தில் பிறக்கிறது. குறைந்து மறைந்தால் முந்திய இடத்தில். நடுவில் கூடி இரண்டு அந்தத்திலும் குறைந்தால், வொலியூமுக்கும் வால்வின் கிறிட்டுக்கும் இடையிலுள்ள வயர் சுற்றுப்புறத்து இரைச்சலை இழுக்கிறது. அந்த வயரைக் குறுக்கி, கவசமுள்ள வயராக மாற்றி, கவசத்தை ஒரு நுனியில் மட்டும் தரையில் ஒட்டுங்கள். அதன் பிறகு உள்ளீட்டை ஷோட் செய்து பாருங்கள். பழைய ஆர்சிஏ பிளக் ஒன்றின் நடு முனையையும் வெளிவளையத்தையும் ஈயத்தால் இணைத்து வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் உதவும். அதைச் செருகியதும் அமைதியானால் அம்பில் குற்றமில்லை, பாட்டுத் தரும் லப்டொப்பின் ஏர்த்தும் அம்பின் ஏர்த்தும் உள்ளீட்டு வயரால் தொடுத்து உண்டாகும் ஏர்த் வளையம்தான் பெரும்பாலும் காரணம். லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பற்றறியில் ஓட விட்டாலே அது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் அநேகர் ஏர்த்தை வெட்ட வெட்டுக்குறட்டை எடுப்பது. வேறு வழிகள் இருக்கின்றன. அம்பையும் லப்டொப்பையும் ஒரே நீட்டுப் பலகையில் செருகுங்கள். அதற்கும் மடங்காவிட்டால் உள்ளீட்டில் 600 ஓமுக்கு 600 ஓம் ஓடியோ ட்ரான்ஸ்போமர் ஒரு சோடி வையுங்கள், வளையம் அறுந்துவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் சேஸியை ஏர்த்தில் நேராகவே போல்ட் போட்டு இறுக்கி, சுற்றின் தரையைச் சேஸியோடு 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக மட்டும் இணையுங்கள். ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் எதிரெதிராக இரண்டு பெரிய டயோட்டுகள். சிறு கரண்ட்டுக்கு வளையம் அறுந்ததாகவும், பிழை கரண்ட் வந்தால் டயோட் வழியாக நேராக ஏர்த்துக்குப் போவதாகவும் அது நடந்துகொள்ளும். உள்ளீட்டு சொக்கெற்றும் ஹெட்போன் ஜாக்கும் சேஸியில் முட்டாமல் பிளாஸ்டிக் வளையத்தின் மேல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலை வீண்.

உள்ளீட்டை ஷோட் செய்தும் இரைந்தால் உள்ளே போவோம். உங்களில் பலர் கட்டியிருப்பது முன்னுக்கு ஈசிசி82, பின்னுக்கு 6080 என்ற அமைப்பு. நல்ல தெரிவுதான். 6080 இன் ஹீற்றர் மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 அம்பியர் குடிக்கிறது. ஈசிசி82 உடன் சேர்த்து 2.8 அம்பியர் ஆடலோட்டம் உங்கள் சேஸிக்குள் ஓடுகிறது. ஹீற்றரின் இரண்டு வயரையும் இறுக்கமாக முறுக்கி, தகரத்தின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோய், வால்வின் அடியில் நேராக மேலெழுப்புங்கள். கிறிட் வயரைக் கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும், பக்கத்தில் கூட ஓடக் கூடாது. ஹீற்றர் சுற்று அந்தரத்தில் தொங்கவும் கூடாது. இரண்டு நுனியிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் எடுத்து நடுவில் சேர்த்து, அந்த நடுவைத் தரைக்கோ, அதைவிட நல்லதாக ஹைவோல்ட்டேஜிலிருந்து பிரித்தெடுத்த 40 வோல்ட்டுக்கோ இணையுங்கள். ஹீற்றரிலிருந்து கதோட்டுக்கு நடக்கும் கசிவு அதோடு அடங்கிப் போகும்.

முனகல் ஹீற்றரால்தானா என்று அறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஹீற்றர் வயரில் தற்காலிகமாக ஒரு சுவிச் போடுங்கள். அம்ப் நன்றாகச் சூடேறி ஓடும்போது அதை நிறுத்துங்கள். கதோட்டு சூடு ஆறும்வரை சில செக்கன் வால்வு வேலை செய்துகொண்டே இருக்கும். அந்தச் சில செக்கனிலேயே முனகல் சட்டென்று அறுந்தால் ஹீற்றர்தான். வால்வோடு சேர்ந்து மெல்ல மங்கினால் வேறெங்கோ தேடுங்கள். கரண்ட் எட்டாத ஊர்களுக்கென்று ஒரு காலத்தில் செய்த பற்றறி வால்வு றேடியோக்களில் இந்தத் தொல்லையே இருக்கவில்லை. 1949 இல் வட ரொடீசியாவுக்கென்று எவரெடி செய்த 'சோஸ்பான்' றேடியோ அந்த இனம். எல்லாமே பற்றறியில் ஓடியது, ஹீற்றருக்கு ஆடலோட்டம் என்பதே கிடையாது.

100 ஹேட்ஸ் இரைச்சலுக்கு வருவோம். உங்களில் பெரும்பாலானோருக்கு நோய் இதுதான். மொத்தம் 75 மில்லிஅம்பியர் இழுக்கும் அம்பில் முதல் கண்டென்சர் 220 மைக்ரோஃபரட் என்றால் அதன் மேல் சுமார் 3.4 வோல்ட் அலை நிற்கும். அடுத்து 270 ஓமும் இன்னொரு 220 மைக்ரோஃபரட்டும் போட்டால் அலை 37 மடங்கு குறையும். அதே சோடியை மீண்டும் ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று மில்லிவோல்ட்டுக்கு வந்துவிடும். இதற்கு நாற்பது வோல்ட் இழப்பீர்கள். இழக்க மனமில்லாவிட்டால் வீட்டுக் கூரை வளைப் பக்கம் பாருங்கள். எல்ஈடி பல்ப் வந்த பிறகு வீட்டுக்கு வீடு கழற்றிப் போட்ட பழைய ட்யூப் லைட் சோக் இரும்புப் பெட்டியோடு கிடக்கிறது. இரும்பின் மேல் கம்பி சுற்றிய அந்த 40 வாட் சோக் ஒரு ஹென்றியைச் சுற்றி இருக்கும். 270 ஓம் இருந்த இடத்தில் அதைப் போட்டால் அலை 80 மடங்குக்கு மேல் குறையும், வோல்ட் இழப்பும் சொற்பம். கடையில் விற்கும் சோக் வாங்கக் கொழும்புக்குப் போக வேண்டும், விலையும் அதிகம். நான் ட்யூப் லைட் சோக்கின் கட்சி. எலெக்ட்ரோனிக் சோக் என்று வந்த பிளாஸ்டிக் பெட்டி மட்டும் இதற்கு ஆகாது.

பழைய சாமானை நான் இளக்காரமாக நினைக்கிறவன் அல்ல. கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் 1920களில் நடத்திய முதல் ஒலிபரப்புச் சோதனைகளுக்கு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து பிடித்த கருவியின் பாகங்கள்தான் உதவின என்பார்கள். 1925 டிசம்பரில் அங்கே தொடங்கிய வானொலி நிலையத்தின் வேரே அப்படி. பழைய ட்ரான்ஸ்போமர், பழைய வால்வு சொக்கெற், பழைய சேஸி எல்லாம் எடுங்கள். பழைய எலெக்ட்ரோலிற்றிக் கண்டென்சரை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளே காய்ந்து கொள்ளளவு போயிருக்கும், மேலே எழுதியிருப்பது அப்படியே இருக்கும். அது மட்டும் புதிதாக, 450 வோல்ட்டுக்கானதாக இருக்க வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள்.

கண்டென்சர் எல்லாம் புதிது, ஆனாலும் "ர்ர்ர்" என்றால், கீழே புரட்டித் தரைக் கம்பியைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் நான் நேரம் செலவழிப்பேன். சீராக்கி கரண்ட்டைச் சீராக எடுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும், குறுகிய துடிப்பாக, சராசரியை விடப் பல மடங்கு எடுக்கிறது. அந்தத் துடிப்பு ட்ரான்ஸ்போமரிலிருந்து டயோட் வழியாக முதல் கண்டென்சருக்கு வந்து திரும்பிப் போகிறது. திரும்பும் வழியில் உங்கள் உள்ளீட்டுத் தரையும் ஒட்டியிருந்தால் முடிந்தது கதை. மெல்லிய வயர் 10 சென்ரிமீற்றருக்கு 0.01 ஓம் அளவு தடை. அதில் அரை அம்பியர் துடிப்பு ஓடினால் 5 மில்லிவோல்ட். அது பாட்டோடு சேர்ந்து கிறிட்டுக்குள் போய்ப் பெருகி வெளியே வரும். மேலே சொன்ன 55 டெசிபல் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இது. டயோட்டின் அல்லது ட்ரான்ஸ்போமரின் எதிர்முனை நேராக முதல் கண்டென்சரின் எதிர்முனைக்குப் போக வேண்டும், வேறெங்கும் நிற்கக் கூடாது. அங்கிருந்து ஒரே வயர் கடைசிக் கண்டென்சருக்கு. அந்தக் கடைசிக் கண்டென்சரின் எதிர்முனையிலிருந்துதான் 6080 இன் தரை, பிறகு ஈசிசி82 இன் தரை, கடைசியாக உள்ளீட்டின் தரை. சேஸிக்கு ஒரே ஓர் இடத்தில். அம்பைக் கட்டும்போது கிட்ட இருந்த போல்ட்டில் எல்லாத் தரையையும் ஒட்டிவிடுவது சுலபம். உங்களில் ஒருவர் காட்டிய பெட்டியில் ஹெட்போன் ஜாக், வொலியூம், முதல் கண்டென்சர் மூன்றும் ட்ரான்ஸ்போமரைப் பிடித்த போல்ட்டிலேயே சந்தித்தன. அதில் ஒரு வயரைக் கழற்றி நான்கு அங்குலம் தள்ளி ஒட்டியதோடு அரைவாசி இரைச்சல் போயிற்று. ஒரு பாகமும் வாங்கவில்லை.

வால்வை மாற்றிப் பார்ப்பதை உங்களில் பலர் முதல் வேலையாகச் செய்கிறீர்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். சந்தையில் நல்ல பெயர் எடுத்த வால்வு நல்ல விலை எடுக்கும், தரைக் கம்பிப் பிழையை அது திருத்தாது. பென்சிலால் மெல்லத் தட்டும்போது தகரம் தட்டினாற்போல் ஒலித்தால் அந்த வால்வு ஒதுக்கப்பட வேண்டியது, அவ்வளவுதான்.

அம்புக்கு வெளியேயும் பாருங்கள். ஃபேனின் எலெக்ட்ரோனிக் ரெகுலேற்றர் ஒரு பெரிய எதிரி. ஃபேனை நிறுத்தியதும் இரைச்சல் நின்றால் அம்பில் கை வைக்காதீர்கள். விலை மலிந்த எல்ஈடி பல்பும் அப்படித்தான். "டட்-டட்-டட்" என்று விட்டுவிட்டு வருவது பக்கத்திலுள்ள போன். 2022 இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில் வாங்கிய சதுர அலை இன்வேட்டரில் ஓட்டினால் எந்த ட்ரான்ஸ்போமரும் உறுமும், அதில் வைத்து அம்புக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காட்டோரத்துத் தம்பிமாருக்கு மட்டும் இன்னொன்று: செக்கனுக்கு ஒருதரம் போல "டிக்" என்று ஒழுங்காக வந்தால் அது யானை வேலியின் துடிப்பாக இருக்கக்கூடும். பற்றறி றேடியோ ஒன்றை வேலிப் பக்கம் கொண்டுபோய் மீடியம் வேவில் கேட்டுப் பாருங்கள். அதே தாளம் கேட்டால் உள்ளீட்டு வயரைக் குறுக்குவதைத் தவிர நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. வேலியைக் குறை சொல்லவும் முடியாது, அது எங்களுக்காகத்தான் துடிக்கிறது.

இவ்வளவு நேரம் பெட்டியைத் திறந்து வைத்துப் பேசிவிட்டேன், ஆகவே இதையும் கேளுங்கள். வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லிஅம்பியரில் விழும் என்ற தைரியத்தில் உள்ளே கை விடாதீர்கள். லைவிலிருந்து ஏர்த்துக்கு ஓடும் கரண்ட்டைத்தான் அது காணும். ட்ரான்ஸ்போமரின் மறுபக்கத்து 200 வோல்ட் நேரோட்டம் உங்களுக்குள் ஓடினால் அதற்குத் தெரியவே தெரியாது. கண்டென்சர்களுக்குக் குறுக்கே 220 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். 220 மைக்ரோஃபரட் மூன்றுக்கு அது மெல்லத்தான் வடிக்கும், பிளக்கைக் கழற்றிப் பன்னிரண்டு நிமிடம் பொறுங்கள். பொறுத்த பிறகும் மீற்றரால் அளந்து பாருங்கள். ஸ்க்ரூ ட்ரைவரால் ஷோட் அடித்துக் காட்டும் சாகசம் வேண்டாம். சூடேறுவதற்கு முன் ஹெட்போனைச் செருகவும் வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் இரைந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். 50 ஆ 100 ஆ, வொலியூமோடு மாறுகிறதா, உள்ளீட்டை ஷோட் செய்தால் என்ன ஆகிறது என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் ஹெட்போனையும் மறக்காதீர்கள். என்னுடையது 300 ஓம், உங்கள் இரைச்சல் அதில் பத்துப் பதின்மூன்று டெசிபல் குறைந்துதான் கேட்கும், பிறகு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
படுவான்கரையிலிருந்து, றேடியோ திருத்தும் அண்ணன்